ஆயில் சீலை மாற்றும் முன் பிரீதரைப் பாருங்கள்

மே மாதம் வந்துவிட்டால் பள்ளிப் பேருந்துகள் வரிசையாக ஒர்க்‌ஷாப்புக்கு வந்து நிற்கும். பள்ளி திறப்பதற்குள் ஆர்.டி.ஓ. ஆய்வு முடிய வேண்டும். 8 வருஷம் தாண்டிய வண்டி என்றால் வருடா வருடம் எஃப்.சி.யும் (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) எடுக்க வேண்டும். வண்டியைக் கொண்டுவருகிறவர்களில் பலர் முதலில் கேட்பது, "இன்ஜினுக்கு நல்லா ஒரு வாட்டர் வாஷ் போட்டுக் கொடுத்துடுங்க" என்பதுதான். ஆய்வு நடக்கும் நேரத்துக்கு இன்ஜின் பளிச்சென்று இருக்கும். ஒரு வாரம் ஓடினால் பழைய இடத்திலேயே ஆயில் சொட்டும். கழுவுங்கள், தப்பில்லை. ஆனால் கழுவிய கையோடு ஆயில் எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்த்துவிடுங்கள்.

என் கைக்கு அதிகம் வருவது டாடா பஸ்களில் உள்ள கம்மின்ஸ் 6பிடி. 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர், டர்போ வைத்த இன்ஜின். நன்றாக உழைக்கும். வயதாகிவிட்டால் ஏதாவது ஓர் இடத்தில் கசியும். உடனே ஆயில் சீல் மேல், அதாவது சுழலும் தண்டைச் சுற்றி ஆயில் வெளியே வராமல் தடுக்கும் வளையத்தின் மேல், பழி போட்டுவிடுகிறார்கள்.

அப்படித்தான் ஒரு பள்ளி வண்டி வந்தது. கிளட்ச் ஹவுசிங் அடியில் ஆயில் சொட்டு. "அண்ணே, போன லீவுலதான் கியர்பாக்ஸ் இறக்கி பின்பக்க சீல் மாத்துனோம், மறுபடியும் ஒழுகுது" என்றார் டிரைவர். இன்ஜினைச் சூடாக்கி, ஐடிலில் ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அதே துளை மேல் தலைகீழாகச் சும்மா வைத்தோம். மூடி தடதடவென்று ஆடிக் கீழே விழுந்தது. இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் பிரீதர் ஹோஸைக் கழற்றிவிட்டு மூடியை மறுபடி வைத்தோம். மூடி அசையவில்லை. ஹோஸ் வெளியே பார்க்கப் புதிதாக இருந்தது. கத்தியால் நீளவாக்கில் கிழித்துப் பார்த்தால், உள்ளே இருந்த ரப்பர் ஆயிலில் ஊறி உப்பி, உரிந்து, வழியை அடைத்துக்கொண்டிருந்தது. யாரோ சாதாரண வாட்டர் ஹோஸை வெட்டி மாட்டியிருக்கிறார்கள். ஆயில் தாங்கும் ஹோஸ் போட்டதும் கசிவு நின்றுவிட்டது. சீலில் ஒரு குறையும் இல்லை.

காரணம் எளிது. பிஸ்டன் ரிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும் எரிந்த வாயு கொஞ்சம் கீழே இறங்கத்தான் செய்யும். அதை வெளியே விடும் வழிதான் பிரீதர். அந்த வழி அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, எந்த சீல் பலவீனமோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளும். அந்த சீலை மாற்றினால் அடுத்த பலவீனமான இடத்தில் வரும். ஹோஸைக் கழற்றியும் மூடி ஆடினால் அது நிஜமான பேக் கம்ப்ரஷன், அதாவது வாயு அளவுக்கு மீறிக் கீழே இறங்குகிறது. ரிங்கும் போரும் (சிலிண்டரின் உட்சுவர்) தேய்ந்திருக்கலாம். ஆனால் அதற்காக உடனே இன்ஜினைப் பிரிக்க வேண்டாம். ஏர் கம்ப்ரஷரின் ரிங் தேய்ந்தாலும் காற்று இன்ஜினுக்குள்தான் இறங்கும். ஏர் டேங்கில் தண்ணீர் திறந்துவிடும்போது ஆயிலும் சேர்ந்து வந்தால் முதலில் கம்ப்ரஷரைச் சந்தேகப்படுங்கள். வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாமல் ஆயில் குறையும் வண்டிகளில் இதை நிறையப் பார்க்கிறேன்.

பிரீதர் சரியாக இருக்கிறது, ஆனாலும் பின்பக்கம் சொட்டுகிறது என்றாலும் கியர்பாக்ஸ் இறக்க அவசரப்படாதீர்கள். 6பிடியில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி டேப்பட் கவர் (இன்ஜினின் மேல்மூடி), தனித்தனி பேக்கிங். டீசல் பம்ப்புக்குப் பின்னால் பிளாக்கின் பக்கவாட்டில் ஒரு தகரக் கவரும் இருக்கிறது. கை போக முடியாத இடம் என்பதால் அதை யாரும் பார்ப்பதில்லை. இவற்றில் எது கசிந்தாலும் ஆயில் பிளாக்கை ஒட்டியே பின்னால் ஓடி, கிளட்ச் ஹவுசிங் பக்கம்தான் சொட்டும். நன்றாகக் கழுவி, காற்றடித்துக் காயவைத்து, சந்தேகமான இடங்களில் முகப்பவுடரைத் தூவி, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து மேலிருந்து கீழாகப் பாருங்கள். பவுடர் முதலில் நனைந்திருக்கும் இடம்தான் ஆரம்பம். சொட்டை விரலில் தொட்டு முகர்ந்தும் பாருங்கள். கியர் ஆயிலுக்குக் கந்தக வாடை உண்டு, இன்ஜின் ஆயிலுக்கு அது இருக்காது.

பவுடர் வைத்துப் பார்த்தும் சீல்தான் என்று உறுதியானால் அப்போது மாற்றலாம். கிராங்க் என்பது பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டு. இந்த இன்ஜினின் கிராங்க் சீல் டெஃப்லான் உதடு கொண்டது. அதை உலர்வாகத்தான் மாட்ட வேண்டும். பழக்க தோஷத்தில் உதட்டில் ஆயிலோ கிரீஸோ தடவி மாட்டினால், புது சீலாக இருந்தாலும் கசியும். கிராங்க்கில் ஒட்டியிருக்கும் பழைய ஆயிலையும் சுத்தமாகத் துடைத்தெடுக்க வேண்டும். சீல் உரசி உரசிக் கிராங்க்கில் பள்ளம் விழுந்திருந்தால் அதன்மேல் ஸ்லீவ் என்ற மெல்லிய உலோக உறை போடாமல் வேலை நிற்காது. முன்பக்கம் டைமிங் கவரைத் திறந்தால் இன்னொன்றையும் கட்டாயம் பாருங்கள். கியர் ஹவுசிங்கில் ஒரு சிறிய டவல் பின் (பாகங்களை நேராகப் பொருத்த உதவும் உலோக முளை) இருக்கிறது. பழைய 6பிடிகளில் அது அதிர்வில் நகர்ந்து, கழன்று கியருக்குள் விழலாம். விழுந்தால் ஹவுசிங்கே உடையும். அது வெளியே வராதபடி ஒரு சின்னப் பட்டை வைத்து போல்ட்டால் அடைத்துவிட்டால் கவலை இல்லை.

கசிவை அடைக்கப் பூசும் அனபாண்ட் பேஸ்ட்டை அள்ளி அப்புவது எனக்குப் பிடிக்காத வேலை. வெளியே பிதுங்குகிற அளவு உள்ளேயும் பிதுங்கும். அந்தத் துணுக்குகள் சம்ப்பில் (இன்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) விழுந்து ஸ்ட்ரெய்னர் என்ற வடிகட்டியை அடைத்தால் ஆயில் பிரஷர் இறங்கிவிடும். இந்த இன்ஜினுக்கு ஐடிலில் குறைந்தது 10, முழு வேகத்தில் குறைந்தது 30 பி.எஸ்.ஐ. வேண்டும். கசிவை நிறுத்த கெட்டியான ஆயில் ஊற்றுவதும் வேண்டாம், காரணம் அப்படியேதான் இருக்கும்.

ஆயில் அளவு பார்க்கும் ஸ்டிக்கில் ஆயில் குறைவதைப் பார்த்து பயப்படுகிறோம். கூடினால் சந்தோஷப்படுகிறோம். கூடினால்தான் உடனே வண்டியை நிறுத்த வேண்டும். ஃபீட் பம்ப்போ டீசல் பம்ப் சீலோ போய், டீசல் சம்ப்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கலாம். ஆயில் தண்ணியாகி, பேரிங் தேய்ந்து, எல்லா சீலிலும் கசியும்.

நான் மிகவும் கவலைப்படுவது தீயைப் பற்றித்தான். இன்ஜின் ஆயில் 200 டிகிரிக்கு மேல் சூடானால்தான் அதன் ஆவி தீப்பொறி பட்டுப் பற்றும். ஆனால் பாரத்தோடு மேடு ஏறும்போது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் டர்போவும் அதைவிடப் பல மடங்கு ஆபத்தான சூட்டில் இருக்கும். டீசலின் ஆவி இப்படிப் பற்றும் சூட்டுக்கு நம் நாட்டுத் தரம் சொல்லும் குறைந்தபட்ச அளவே 35 டிகிரிதான். அதனால் டேப்பட் கவர் கசிந்து மேனிஃபோல்ட் பக்கம் வழிவதும், இன்ஜெக்டர் பைப்பில் டீசல் வியர்ப்பதும் அன்றைக்கே சரிசெய்ய வேண்டியவை. முன்பக்க இன்ஜின் வண்டிகளில் டிரைவர் பக்கத்தில் இருக்கும் இன்ஜின் கவரைத் திறந்து, உள்ளே ஒட்டியிருக்கும் பஞ்சு ஷீட்டைத் தொட்டுப் பாருங்கள். ஆயிலில் ஊறியிருந்தால் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது ஒட்டுங்கள். அந்தக் கவரைச் சுற்றித்தான் பிள்ளைகள் உட்கார்கிறார்கள்.

அப்புறம், சீல் மாற்றினால் பழைய சீலை மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். உதடு விறைத்தோ வெடித்தோ இருந்தால் அது வயதாகிப் போன சீல். உதடு ஒழுங்காக இருந்தால் கசிவுக்குக் காரணம் வேறு எங்கோ இருக்கிறது. வண்டியை எடுத்துப் போகும் முன் பிரீதரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.