மேற்கோள் குறி போட்டால் மட்டும் போதாது தம்பி

கேட்ட பார்ட் நம்பர் ஒன்று, கடைக் கணினித் தேடலில் வருவது வேறொன்று. இதே புகாரோடு இன்னொரு கடை. மதுரை வெளி வீதியில் பேரிங், மோட்டார் சாமான் விற்கிறார்கள். மேலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் மோனோபிளாக் மோட்டாருக்கு 6203-2ஆர்எஸ் பேரிங் கேட்டிருக்கிறார். கவுண்டர் பையன் தட்டிப் பார்த்து, முதலில் வந்ததைக் கொடுத்துவிட்டான். கொடுத்தது 6203-இசட்இசட். ரப்பர் சீல் கேட்டவருக்குத் தகர மூடி. இரண்டுக்குமே உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40 மில்லிமீட்டர். கச்சிதமாக உட்கார்ந்துவிடும், தப்பு தெரியாது. திட்டு பையனுக்கு. திட்ட வேண்டியது தேடலை அமைத்தவரை.

"நம்பரை மேற்கோள் குறிக்குள்ள போடச் சொல்லியிருக்கேன்ண்ணே" என்கிறார் அவர். கூட்டம் நிற்கும்போது கவுண்டரில் யார் குறி தட்டுவார்? சரி, தட்டினாலும் என்ன கிடைக்கும்? தேடலை நடத்தும் மென்பொருள் எலாஸ்டிக்சர்ச். அதன் ஸ்டாண்டர்ட் அனலைசர், அதாவது எழுதியதைச் சொல் சொல்லாக உடைக்கும் பகுதி, ஹைஃபனில் வெட்டிவிடும். இண்டெக்சில், அதாவது அது தேடிப் பார்க்கும் பட்டியலில், இருப்பது 6203 ஒரு டோக்கன் (துண்டு), 2ஆர்எஸ் இன்னொன்று. ஹைஃபன் அங்கே இல்லவே இல்லை. மேற்கோள் குறி கேட்பதெல்லாம், இவை இரண்டும் இதே வரிசையில் அடுத்தடுத்து இருக்கின்றனவா என்பதைத்தான். முன்னும் பின்னும் என்ன இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. 6203-2ஆர்எஸ்-சி3 என்ற வேறு பேரிங்கும் தாராளமாக வந்து நிற்கும். அச்சு அசலான பொருத்தம் வேறு, இது வேறு.

குறி இல்லாத சாதாரண 'மேட்ச்' தேடலில், சொல்லாவிட்டால் 'அல்லது'தான். ஏதாவது ஒரு டோக்கன் பொருந்தினாலே போதும். கேட்ட பேரிங் இருப்பில் இல்லை, திரை அதை மறைத்துவிட்டது. 6203 மட்டும் பொருந்திய இசட்இசட் மேலே ஏறிவிட்டது.

இன்னும் சிலர், இப்படித் துண்டாக்கி வைக்கும் டெக்ஸ்ட் ஃபீல்டிலேயே, தட்டியதை வெட்டாமல் முழுசாகத் தேடும் டெர்ம் தேடல் போடுகிறார்கள். முழு பார்ட் நம்பர் டோக்கனாக அங்கே கிடையாது, ஒன்றும் வராது. உடனே "எலாஸ்டிக் சரியில்லண்ணே" என்று போன்.

பார்ட் நம்பருக்கு, வெட்டாமல் முழுசாக வைக்கும் கீவேர்டு ஃபீல்டு வையுங்கள், அதில் டெர்ம் தேடுங்கள். மேப்பிங் (எந்த ஃபீல்டு எந்த வகை என்ற குறிப்பு) எழுதாமல் விட்டவர்களுக்கு எலாஸ்டிக்சர்ச்சே 256 எழுத்து வரை ஒரு கீவேர்டு துணை ஃபீல்டு போட்டு வைத்திருக்கும், திறந்தாவது பாருங்களேன். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, இடைவெளி, ஹைஃபன் என்று ஆளுக்கொரு விதமாகத் தட்டுவார்கள். அதை, எல்லாவற்றையும் ஒரே வடிவமாக்கும் நார்மலைசரில் சரிசெய்துவிட்டு ரீஇண்டெக்ஸ் செய்யுங்கள், அதாவது சரக்கு விவரத்தை மறுபடி ஏற்றுங்கள். தமிழில் சரக்குப் பெயர் இருந்தால் யூனிகோடையும் ஒருமுகப்படுத்த வேண்டும். 'கொக்கி'யின் முதல் எழுத்தில் கொம்பும் காலும் ஒரே குறியீடாகவும் இருக்கலாம், இரண்டாகவும் இருக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கீவேர்டுக்கு இல்லை.

அப்புறம், தயவுசெய்து, கேட்டது இல்லையென்றால் திரையில் 'இல்லை' என்று பெரிதாக வரட்டும். கிட்டத்தட்ட உள்ளவற்றைக் கோடு போட்டு அதற்குக் கீழே காட்டுங்கள்.