நம்பிக்கைக்கு ஓட்டோவும் வேண்டும்

கொழும்புக்குப் பக்கத்தில் உள்ள மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியின் பெயர் அபேக்ஷா. சிங்களத்தில் நம்பிக்கை என்று பொருள். நாம் தேர்தலில் நிற்பவரை அபேட்சகர் என்கிறோமே, அந்தச் சொல்லுக்கு உறவுதான்.

நம்பிக்கை என்றால் என்ன? அமெரிக்க உளவியலாளர் ஸ்னைடர் 1991இல் அதை இரண்டாகப் பிரித்தார். 'போயே தீருவேன்' என்ற உந்துதல் ஒன்று, 'இப்படிப் போகலாம்' என்று வழி தெரிவது மற்றது. மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ மருந்து ஏற்றுகிற ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பல மருந்துகளை 21 நாளுக்கு ஒருமுறை ஏற்றுவார்கள். அடுத்த தடவைக்கும் போக மனம் இருக்கிறது. ஆனால் விடியற்காலை ஓட்டோ யார் பிடிப்பது, சின்னவனைப் பள்ளிக்கு யார் அனுப்புவது? வழி அடைபட்டால் உந்துதலும் சோர்ந்துவிடும். 'பயப்படாத மனே' என்று சொல்லிவிட்டு எழும்பி வருவது பாதி உதவிதான்.

இந்த விஷயத்தில் மட்டக்களப்பு, அம்பாறைப் பெண்களுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. இங்கே தமிழரிலும் முஸ்லிம்களிலும் கல்யாணம் முடித்த மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அதனால் தாயும் அக்கா தங்கையும் பெரும்பாலும் ஒரே வளவில், இல்லாவிட்டால் அடுத்த வேலிக்குள் இருப்பார்கள்.

பக்கத்தில் ஆள் இருந்தால் மூளையிலும் வித்தியாசம் தெரியும். 2006இல் வெளியான ஆய்வில் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் கோன் குழுவினர், நோயில்லாத 16 மனைவிமாரை ஸ்கேன் இயந்திரத்தில் படுக்கவைத்து, காலில் மின் அதிர்ச்சி வரலாம் என்று எச்சரித்தார்கள். கணவரின் கையைப் பிடித்திருந்தபோது ஆபத்துக்குத் துடிக்கும் மூளைப் பகுதிகள் நன்றாக அடங்கின. அந்நியர் கைக்கும் கொஞ்சம் பலன் இருந்தது. கணவன் மனைவி ஒற்றுமையாக இருந்தால் பலன் இன்னும் கூட.

சரி, இதனால் ஆயுள் கூடுமா? மார்பகப் புற்றுநோய் உடலில் பரவிய 86 பெண்களை வைத்து அமெரிக்க மனநல மருத்துவர் ஸ்பீகல் 1989இல் வெளியிட்ட ஆய்வில், குழுவாகக் கூடிப் பேசியவர்கள் சுமார் 18 மாதம் கூடுதலாக வாழ்ந்தார்கள். 2001இல் வெளியான கனடா ஆய்வில் 235 பெண்களிடம் அதையே பார்த்தபோது ஆயுளில் வித்தியாசமில்லை. வலியும் மனவேதனையும்தான் குறைந்தன. எனக்கு அதுவே பெரிது. மனம் வைத்தால் நோய் ஓடிவிடும் என்று சொல்லிவைத்தால், நோய் திரும்பும்போது அவள் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வாள்.

இன்னொன்று. கீமோ ஏற்றி ஒன்றிரண்டு வாரத்தில் நோய்க்கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் இரத்தத்தில் குறைந்திருக்கும். அப்போது இருமலோடு கூட்டமாகப் பார்க்கப் போகாதீர்கள். சோற்றை வேலியால் கொடுத்துவிட்டு, அடுத்த கிளினிக் எப்போது என்று கேட்டு வாருங்கள்.