நுரையீரல் நல்லாத்தான் இருக்கு, அளவுகோல் யாருடையது?

வேலையில் சேர்வதற்கான மருத்துவப் பரிசோதனையில் சிக்கிக்கொண்டு ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். வயது 23. "சார், தினமும் காலையில ஓடுறேன். நுரையீரல் சுருங்கியிருக்குனு எழுதியிருக்காங்க" என்று ஸ்பைரோமெட்ரி, அதாவது மூச்சை ஊதவைத்து நுரையீரலை அளக்கும் பரிசோதனையின் ரிப்போர்ட்டை நீட்டினார். முழு மூச்சையும் ஊதித் தள்ளும் அளவு, அதாவது எஃப்.வி.சி., 77 சதவீதம். முதல் நொடியில் வெளியேறும் காற்றின் விகிதமோ கச்சிதமாக இருந்தது. எக்ஸ்ரேயிலும் குறை இல்லை.

ரிப்போர்ட்டின் மேல் மூலையில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: ஒப்பிட எடுத்துக்கொண்டது ஐரோப்பியர்களுக்கான சமன்பாடு. மெஷினோடு வந்த செட்டிங். யாரும் மாற்றவில்லை.

மெஷினுக்குத் தெரிந்தது லிட்டர் மட்டும்தான். சதவீதம் வர வேண்டுமென்றால், இந்த வயதில், இந்த உயரத்தில் ஆரோக்கியமான ஒருவர் எவ்வளவு ஊதுவார் என்ற கணக்கு வேண்டும். உயரம் கூடக்கூட ஊதும் அளவும் கூடுகிறது என்பதை ஆங்கிலேய மருத்துவர் ஜான் ஹட்சின்சன் 1846லேயே காட்டிவிட்டார். ஆனால் ஒரே உயரமுள்ள இரண்டு பேரின் நுரையீரலும் ஒரே அளவு இருப்பதில்லை. நம் ஆட்களுக்குச் சராசரி ஐரோப்பியர்களைவிடக் குறைவு. தென்னிந்தியர்களுக்கு வட இந்தியர்களைவிடவும் குறைவு. உடல்வாகா, சிறுவயதுச் சாப்பாடா, அடுப்புப் புகையா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

2012இல் ஜி.எல்.ஐ. என்ற உலகளாவிய நுரையீரல் ஆய்வுக் குழு வெளியிட்ட சமன்பாடுகளில் தெற்காசியர்களுக்கென்று தனிப் பிரிவு கிடையாது. 2022இல் இனப்பிரிவே இல்லாத பொதுச் சமன்பாடு வந்தது. சென்னையில் விஜயன் குழுவினர் ஆரோக்கியமான இளைஞர்களை அளந்து 1990இல் வெளியிட்ட கணக்கு ஒன்றும் உண்டு. அதை வைத்துப் பார்த்தபோது நம் பையன் 90 சதவீதத்தைத் தாண்டிவிட்டார்.

சரி, நமக்கு எது பொருந்தும்? நோயில்லாதவர்களை ஊதவைத்துத்தான் பார்க்க வேண்டும். எதிர்பார்த்த அளவிலிருந்து ஒருவர் எவ்வளவு விலகியிருக்கிறார் என்பதைச் சொல்லும் எண்தான் இசட் மதிப்பு. கணக்கு பொருந்தினால் அவர்களின் சராசரி இசட் மதிப்பு பூஜ்யத்தை ஒட்டி வரும். கீழ் எல்லையான மைனஸ் 1.64க்குக் கீழே ஏறக்குறைய 5 சதவீதம் பேர்தான் இருப்பார்கள். நூற்றில் இருபது பேர் அங்கே விழுந்தால் கோளாறு அளவுகோலில். பத்து, இருபது நர்ஸ்களை ஊதவைத்து முடிவு கட்டிவிட முடியாது. ஆண்களில் 150, பெண்களில் 150 பேராவது வேண்டும். ஆளைத் தேடுவதுதான் பெரும்பாடு. புகைபிடிக்காதவர் என்று நம்பி உட்காரவைத்தால், முப்பது வருஷம் விறகடுப்பில் ஊதிய அம்மாவாக இருப்பார். அவரைச் சேர்ப்பதா, விடுவதா? நான் விட்டுவிடுவேன். சேர்த்தால் புகையால் வந்த இழப்பும் 'இயல்பு' என்று கணக்கில் ஏறிவிடும்.

அளவுகோலை ரொம்பத் தாழ்த்துவதிலும் ஆபத்து உண்டு. ஐரோப்பியக் கணக்கை 0.9ஆல் பெருக்கிவிடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. பஞ்சாலைத் தூசியில் வேலை பார்ப்பவரின் ஆரம்ப இழப்பு அதில் மறைந்துவிடலாம்.

வருஷாவருஷம் ஊதிப் பார்ப்பவர்கள் ரிப்போர்ட்டில் எந்தச் சமன்பாடு என்று பாருங்கள். அது மாறியிருந்தால் சதவீதத்தை விட்டுவிட்டு லிட்டரைப் போன வருஷத்தோடு ஒப்பிடுங்கள். அந்தப் பையனுக்கு நான் கொடுத்த சான்றிதழிலும் லிட்டர், சமன்பாட்டின் பெயர், இசட் மதிப்பு மூன்றையும் எழுதிக் கொடுத்தேன். "இவ்வளவு எழுதணுமா சார்?" என்றார் டெக்னீசியன்.