ஜிபி மிச்சம் இருக்கு, ஆனா ஃபைல் ஏறல: அன்லிமிடெட் ஹோஸ்டிங்கும் ஐநோட் கணக்கும்

அன்லிமிடெட் ஸ்டோரேஜ்னு போட்ட ஹோஸ்டிங் பிளான்தான் (வெப்சைட்டை வெக்க சர்வர்ல வாடகை இடம்) வாங்கினேன், மொத்தமே 6 ஜிபி கூட ஏத்தல, அதுக்குள்ள ஒரு போட்டோ கூட அப்லோட் ஆக மாட்டேங்குது, மெயிலும் வரல, ஏன்னு நண்பர் ஒருத்தர் கேட்டார். கன்ட்ரோல் பேனல்ல டிஸ்க் யூசேஜுக்குப் பக்கத்துல அன்லிமிடெட்னுதான் இருந்துச்சு. கொஞ்சம் கீழ ஃபைல் யூசேஜ்னு ஒரு வரி, அதுல 2,50,000க்கு 2,50,000. ஹோஸ்டிங் கம்பெனி ஒரு கணக்குக்கு எத்தனை ஃபைல் வரைக்கும்னு வெச்ச லிமிட் அது, ஐநோட் லிமிட்னு சொல்வாங்க. மாட்டினது அங்கதான்.

ஒரே சர்வர்ல நூத்துக்கணக்கான சைட்டுகளை வெச்சு, எல்லாரும் ஒரே நேரத்துல முழுசா யூஸ் பண்ண மாட்டாங்கங்கிற நம்பிக்கையில இடத்தை விக்கிறாங்க, இது பல பேருக்குத் தெரிஞ்சதுதான். பேண்ட்விட்த்தும், அதாவது சைட்டுக்கு வந்து போற டேட்டா அளவும், அப்படித்தான். 100 எம்பிபிஎஸ் லைன்ல செகண்டுக்கு 12.5 எம்பி போகும், 30 நாளைக்கு 25,92,000 செகண்ட், பெருக்கினா 32.4 டிபி. ராத்திரி பகல் நிக்காம ஓடினாலும் அந்த லைன்ல அதுக்கு மேல ஒரு பைட் போகாது, அதையும் அத்தனை சைட்டும் பங்கு போட்டுக்கணும்.

சரி, ஐநோட்டுக்கு வரேன், எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இது. ஒவ்வொரு ஃபைலுக்கும் டிஸ்க்ல ஒரு சின்னப் பதிவு இருக்கு, அதுதான் ஐநோட்: ஓனர் யாரு, பர்மிஷன் என்ன, எப்ப மாத்தினது, சைஸ் எவ்வளவு, டேட்டா டிஸ்க்ல எங்கெங்க கிடக்கு, எல்லாம் அதுல இருக்கும். ஃபைலோட பேரு மட்டும் இருக்காது! பேரு ஃபோல்டர்ல இருக்கு, ஃபோல்டர்ங்கிறது பேரையும் ஐநோட் நம்பரையும் ஜோடி ஜோடியா எழுதி வெச்ச ஒரு பட்டியல்தான். அதனால ஒரே ஐநோட்டுக்கு ரெண்டு பேரு இருக்கலாம், ஒரு பேரை அழிச்சாலும் டேட்டா அப்படியே இருக்கும், கடைசிப் பேரும் போயி, எந்த புரோகிராமும் அதைத் திறந்து வெச்சிருக்கலன்னாதான் இடம் காலியாகும். அமெரிக்காவோட பெல் லேப்ஸ் ஆராய்ச்சிக்கூடத்துல கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸ்ங்கிற ஆபரேட்டிங் சிஸ்டத்தோட ஆரம்ப காலத்துல போட்ட வடிவம் இது, இன்னைக்கு லினக்ஸ் சர்வர்லயும் அடிப்படை அதேதான். உடனே லாபம் எங்கன்னு கேக்காத ஒரு ஆராய்ச்சிக்கூடத்துல பிறந்த விஷயம் அரை நூற்றாண்டு தாண்டி உழைக்குது, ஆராய்ச்சிக்கு ஒதுக்குற பணத்துல கை வைக்கறவங்க இதை யோசிக்கணும்.

டிஸ்க்ல ஃபைல்களை அடுக்கி வெக்கிற முறைக்கு ஃபைல் சிஸ்டம்னு பேரு. லினக்ஸ்ல பரவலா இருக்கிற எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம், டிஸ்க்கை ஃபார்மேட் பண்ணும்போதே ஐநோட் எத்தனைன்னு முடிவு பண்ணிடும், வழக்கமான செட்டிங்ல 16,384 பைட்டுக்கு ஒண்ணு. 1 டிபி டிஸ்க்னா கிட்டத்தட்ட 6.7 கோடி வரும், ஒண்ணு 256 பைட், ஆக ஐநோட்டுக்கு மட்டுமே 16 ஜிபி போயிடும். அது தீர்ந்தா பாதி டிஸ்க் காலியா இருந்தாலும் இடமில்லன்னுதான் எரர் வரும். எக்ஸ்எஃப்எஸ் மாதிரி சிலது தேவைப்படறப்ப ஐநோட்டை உண்டாக்கிக்கும், ஆனா அங்கயும் கம்பெனிக்காரங்க லிமிட்டை எடுக்க மாட்டாங்க, ஏன்னா பேக்கப் எடுக்கும்போது ஒவ்வொரு ஃபைலையும் தனித்தனியாத் தொட்டு மாறியிருக்கான்னு பாக்கணும். 10 எம்பி வீடியோ 250 இருந்தா 2.5 ஜிபி, 10 கேபி ஃபைல் 2,50,000 இருந்தாலும் அதே 2.5 ஜிபி, ஆனா சர்வர் படற பாடு ஆயிரம் மடங்கு ஃபைலுக்கு.

இவ்வளவு ஃபைல் எங்கிருந்து வருதுன்னா, வேர்ட்பிரஸ்ல ஒரு போட்டோ ஏத்தினா பல சைஸ்ல காப்பி உருவாகும், சைட்டை வேகமாக்க பக்கங்களைத் தயாரா சேமிச்சு வெக்கிற கேஷ் பிளகின் பக்கத்துக்கு ஒரு ஃபைலாவது எழுதும், பல சர்வர்கள்ல ஒவ்வொரு மெயிலும் ஒரு ஃபைல். நண்பரோட சைட்ல கிடந்தது பிஎச்பி செஷன் ஃபைல்கள் (சைட்டை ஓட்டுற பிஎச்பி புரோகிராம், வந்து போறவங்களை ஞாபகம் வெச்சுக்க எழுதுறது), 1,80,000க்கு மேல, யாரும் சுத்தம் பண்ணவே இல்ல. ஒவ்வொண்ணுலயும் நாலு வரிதான், ஆனா எக்ஸ்ட்4 ஒரு ஃபைலுக்குக் குறைஞ்சது 4,096 பைட் பிளாக் ஒண்ணைக் கொடுத்துடும், அதனால அழிச்சதும் 700 எம்பிக்கு மேல காலியாச்சு, மெயில் உடனே வர ஆரம்பிச்சுது.

இதைத் தாண்டினா அடுத்த சுவர் புராசஸ் லிமிட், அதாவது ஒரே நேரத்துல எத்தனை வேலை ஓடலாம்ங்கிற வரம்பு. ஒரே நேரத்துல 20 பிஎச்பி ரிக்வெஸ்ட்தான்னு வெச்சுக்குங்க, ஒண்ணு அரை செகண்ட் எடுத்தா செகண்டுக்கு 40 பேர், அதே பக்கம் ஸ்லோவாகி 4 செகண்ட் எடுத்தா வெறும் 5 பேர். மீதிப் பேருக்கு லிமிட் தாண்டிடுச்சுன்னு சொல்ற 508 எரர்தான் வரும், பேண்ட்விட்த் அன்லிமிடெட்டா இருந்து என்ன பிரயோஜனம்?

இந்த லிமிட்டெல்லாம் தேவைதான், இல்லன்னா ஒருத்தரோட சைட் பக்கத்துல இருக்கிற எல்லாரையும் சாய்ச்சிடும். ஆனா அன்லிமிடெட்ங்கிறதைப் பெரிய எழுத்துல போட்டுட்டு, ஐநோட் நம்பரை விதிமுறைப் பக்கத்துல எங்கயோ அடியில ஒளிச்சு வெக்கிறது அநியாயம், ரெண்டும் ஒரே வரியில, ஒரே எழுத்து சைஸ்ல இருக்கணும். அது வரைக்கும் பிளான் வாங்கறதுக்கு முன்னாடி அவங்க சாட்ல ஐநோட் எத்தனை, ஒரே நேரத்துல புராசஸ் எத்தனை, எத்தனை ஃபைலுக்கு மேல போனா பேக்கப்பை நிறுத்துவீங்கன்னு நேராக் கேட்டு, பதிலை எழுத்துல வாங்கி வெச்சுக்குங்க.