பட்டை ஒட்டிய கட்டையைத் தேடுங்கள்

செங்கோட்டையிலிருந்து ஒரு வாசகர் படம் அனுப்பியிருந்தார். புளியரை தாண்டி ஆரியங்காவு போகும் சாலையோரத்தில், உருட்டுக் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய சின்ன வீடு. கூரை பாதி விழுந்து கிடக்கிறது. திருவிதாங்கூர் காலத்துச் சுங்கச்சாவடி என்கிறார் அவருடைய தாத்தா. 1904-இல் திறந்த கொல்லம் ரயில் பாதைக்கு வேலை பார்க்க வந்தவர்கள் தங்கிய இடம் என்கிறார் டீக்கடைக்காரர். வெள்ளைக்கார துரை தூக்குப் போட்டுக்கொண்ட வீடு என்று, இருட்டினால் அந்தப் பக்கமே போகாதவர்களும் உண்டு. "இதில் எது உண்மை சார்?" என்று கேட்கிறார்.

துரை கதையை நான் நம்பவில்லை. இந்த மாதிரிக் கதைகளால்தான் யாரும் கிட்டே போய்ப் பார்க்காமல், நல்ல சாட்சி ஒன்று மழையில் மக்கிப் போகிறது. அந்தக் கட்டைகளையே கேட்கலாம்.

மரத்தில் மிஞ்சியிருக்கும் கதிரியக்கக் கார்பனை அளந்து வயது சொல்லும் முறை இங்கே அவ்வளவு உதவாது. 1650-க்குப் பிந்தைய மரத்தில் ஒரே அளவீட்டுக்கு இரண்டு மூன்று காலங்கள் பொருந்தி வரும். மர வளையங்கள்தான் வழி.

ஆண்டுக்கு ஒரு வளையம் என்று பள்ளியில் படித்திருப்போம். ஆனால் நம் ஊர் மரங்கள் பலவற்றில் அது தெளிவாக விழாது. மாவிலும் பலாவிலும் தேடிப் பாருங்கள். தேக்கு அப்படியில்லை. கோடையில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு, பட்டைக்கு அடியில் இருக்கும் வளரும் படலத்தைத் தூங்கவிடுகிறது. மழை வந்ததும் விழித்து, முதல் வேலையாகப் பெரிய நீர்க்குழாய்களை வரிசையாகக் கட்டுகிறது. அறுத்த தேக்கில் ஊசியால் குத்திய மாதிரி புள்ளி வரிசை தெரிகிறதே, அதுதான் அந்த ஆண்டின் தொடக்கம்.

சரி, எண்ணினால் மரத்தின் வயது கிடைக்கும், எந்த ஆண்டு என்பது கிடைக்காதே? அதைச் சொல்வது வளையங்களின் தடிமன். நல்ல மழை பெய்த ஆண்டில் தடிமன், தாது வருஷப் பஞ்சம் போல வறண்ட காலத்தில் ஒல்லி. தடிமன், தடிமன், ஒல்லி, தடிமன், ஒல்லி, ஒல்லி என்று போகும் இந்த வரிசை ஐம்பது அறுபது ஆண்டு நீளத்துக்கு அப்படியே இன்னொரு முறை வருவது அரிது. உயிருள்ள மரத்தில் கடைசி வளையம் எந்த ஆண்டு என்று நமக்குத் தெரியும். அங்கிருந்து பின்னோக்கி எழுதிய பட்டியலின் மேல் பழைய கட்டையின் வரிசையை நகர்த்திக்கொண்டே போனால் ஓர் இடத்தில் பூட்டும் சாவியும் மாதிரி உட்காரும். வடகிழக்குப் பருவமழையும் எட்டிப் பார்க்கும் இந்த ஆரியங்காவுக் கணவாயில் ஒரே ஆண்டில் இரண்டாவதாக ஒரு பொய் வளையம் விழலாம். பல மரங்களை ஒப்பிட்டால் அதுவும் பிடிபடும். டக்ளஸ் என்ற அமெரிக்க வானியலாளர், சூரியப் புள்ளிகளின் தடயத்தை மரத்தில் தேடப்போய் இந்த முறையை உருவாக்கினார். 1929-இல் அவருக்குக் கிடைத்த கருகிய ஒற்றைக் கட்டை, பட்டியலில் இருந்த இடைவெளியை அடைத்து அரிசோனாப் பகுதியின் பழங்கால வீடுகளுக்கு ஆண்டு கொடுத்தது.

கேரளத் தேக்குக்கும் பட்டியல் இருக்கிறது. புனேயின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தார் 1481 முதல் 2003 வரை, 523 ஆண்டுகளுக்குப் போட்டிருக்கிறார்கள். மழை பொய்த்த எல் நினோ ஆண்டுகளில் வளையம் ஒல்லியாவதும் அதில் தெரிகிறது.

அப்புறம் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். நல்ல வீட்டுக்கு மரம் இழைக்கும் ஆசாரி பட்டையை ஒட்டிய வெளிர் மரமான வெள்ளையைச் செதுக்கித் தள்ளிவிட்டு, நடுவில் இருக்கும் வைரத்தை மட்டும் வைப்பார். அதோடு கடைசிப் பத்து இருபது வளையங்கள் போய்விடும், மரம் மடிந்த ஆண்டும் போய்விடும். உருட்டுக் கட்டை வீட்டிலோ அவசரத்தில் பட்டையைக்கூட முழுசாக உரித்திருக்க மாட்டார்கள். பட்டைக்கு அடியில் இருக்கும் கடைசி வளையம்தான் அந்த மரம் உயிரோடு இருந்த கடைசி ஆண்டு.

வெட்டிய ஆண்டு என்று நான் சொல்லவில்லை, கவனியுங்கள். பர்மாவில் தேக்கை அடியில் சுற்றிலும் செதுக்கி, நின்றபடியே இரண்டு மூன்று வருஷம் காயவிட்டுத்தான் வெட்டுவார்கள், பச்சைத் தேக்கு ஆற்றில் மிதக்காது என்பதால். இங்கும் அப்படிச் செய்திருந்தால் அந்த இடைவெளியைக் கூட்ட வேண்டும். பழைய கட்டையை எடுத்து வந்து மறுபடி கட்டியிருக்கவும் கூடும். ஏழெட்டுக் கட்டைகள் ஒரே ஆண்டில் முடிந்தால்தான் நம்பலாம்.

இந்த வேலைக்குப் பணம் ஒதுக்காதது எனக்குப் பெரிய வருத்தம். தென்காசியிலும் புனலூரிலும் பழைய வீடுகள் இடிபடுகின்றன, உத்தரங்கள் நேராக மரக்கடைக்குப் போய் இழைப்புளிக்கு அடியில் வளையத்தை இழக்கின்றன. இடிக்கும் முன் பென்சில் தடிமனுக்கு ஒரு துண்டு துளைத்தெடுத்து வைக்க எவ்வளவு செலவாகிவிடும்?

வாசகருக்கு ஒரு வேண்டுகோள். கூரை விளிம்புக்கு அடியில், மழை படாத மேல் கட்டைகளைப் பாருங்கள். பட்டை ஒட்டியிருந்தால் தொடாதீர்கள், உரிக்காதீர்கள். கட்டையின் முனையில் அடிக்கோலை வைத்துப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புங்கள். ஊசிப்புள்ளி வரிசை தெரிகிறதா, அது தேக்குதானா என்று முதலில் பார்ப்போம்.