பொருத்துபடம்: ஜிக்சாவுக்குத் தமிழில் என்ன பெயர்?

தச்சரிடம் போய் “ஜிக்சா இருக்கிறதா?” என்று கேட்டால், பலகையில் வளைவு வெட்டும் மின்சார ரம்பம் ஒன்றை எடுத்துக் காட்டுவார். பொம்மைக் கடையில் அதே கேள்வியைக் கேட்டால் ஓர் அட்டைப்பெட்டி வரும். உள்ளே, சேர்த்தால் ஒரே படமாகும் ஆயிரம் துண்டுகள்; மூடியில் அந்தப் படம், பனிமலையும் ஏரியும். இரண்டு பேர் கொடுத்ததும் சரியான பொருள்தான். பெயர் முதலில் ரம்பத்துக்கே சொந்தம். விளையாட்டு பிற்பாடு இரவல் வாங்கிக்கொண்டது.

‘ஜிக்’ என்பது ஆங்கிலேயர்களின் துள்ளாட்டம் ஒன்று. ‘சா’ என்றால் ரம்பம். மெல்லிய அலகு மேலும் கீழுமாகக் குதித்துக் குதித்து அறுப்பதால் 19ஆம் நூற்றாண்டில் அந்தக் கருவிக்கு அப்படிப் பெயர் வந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில், பலகையில் படத்தை ஒட்டி அறுத்துத் துண்டாக்கிய விளையாட்டின் மீது பெரியவர்களுக்கே பித்துப் பிடித்தது. 1909இல் பார்க்கர் பிரதர்ஸ் என்ற விளையாட்டுப் பொருள் நிறுவனம் தன் ஆலை முழுவதையும் இதற்கென்றே திருப்பிவிட்டது. ‘ஜிக்சா புதிர்’ என்ற பெயர் புழக்கத்துக்கு வந்தது அந்தக் காலத்தில்தான். இன்று கடையில் கிடைக்கும் அட்டைத் துண்டுகளை எந்த ரம்பமும் தொடுவதில்லை. கூரான எஃகுப் பட்டைகள் பதித்த அச்சை வைத்து ஓங்கி அழுத்தி வெட்டுகிறார்கள். ஆகவே ‘ரம்பப் புதிர்’ என்று யாராவது தமிழாக்கினால், அது பொருளை விட்டுவிட்டுப் பட்டறையைப் பெயர்த்த கதையாகிவிடும்.

அதற்கு முன் இதற்கு வேறு பெயர் இருந்தது. லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற செதுக்குக் கலைஞர் 1760களில் நாட்டு வரைபடங்களை மகோகனிப் பலகையில் ஒட்டி, எல்லைக் கோடுகள் வழியாக அறுத்து விற்றார். பூகோளப் பாடத்துக்கான கருவி அது. விளையாட்டு என்று யாரும் நினைக்கவில்லை. மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பிள்ளைகளும் இப்படிப்பட்ட வரைபடங்களை வைத்துப் படித்தார்கள். அன்று அவற்றைத் ‘துண்டித்த வரைபடங்கள்’ என்ற பொருளில்தான் அழைத்தார்கள். 1814இல் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் ‘மான்ஸ்ஃபீல்ட் பார்க்’ நாவலில், ஐரோப்பிய வரைபடத்தைச் சேர்க்கத் தெரியாத ஏழை உறவுக்காரச் சிறுமியைப் பணக்கார வீட்டுப் பெண்கள் ஏளனம் செய்கிறார்கள். அங்கே ஜிக்சாவும் இல்லை, புதிரும் இல்லை.

நம் இதழ்களும் அகராதிகளும் இதைப் பெரும்பாலும் ‘புதிர்’ என்ற சொல்லுக்குள் அடக்கப் பார்க்கின்றன: படப்புதிர், துண்டுப்படப் புதிர், ஜிக்சா புதிர். ‘புதிர்’ நல்ல சொல். ‘புது’ என்பதன் உறவு அதில் தெரிகிறது. யாழ்ப்பாணத்தில் தைப்பூசத்தன்று புது நெல்லை வீட்டுக்குக் கொண்டுவருவதைப் ‘புதிர் எடுத்தல்’ என்றே சொல்கிறார்கள். ஆனால் விடுகதைக்கு நாம் வழங்கும் பொருளில் பார்த்தால், புதிரின் உயிர் மறைந்திருக்கும் விடை. தொல்காப்பியம் ‘பிசி’ என்று சொல்வதும், ஈழத்தில் ‘நொடி’ என்று போடுவதும் அந்த மறைவை வைத்துத்தான். நம் அட்டைப்பெட்டியிலோ விடையை மூடியிலேயே வண்ணத்தில் அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள்! (நூறாண்டுக்கு முந்திய மரப் புதிர்கள் பலவற்றில் மாதிரிப் படம் கிடையாது. அவற்றைப் புதிர் என்றது நியாயம்.)

வீட்டில் இதை உட்கார்ந்து செய்பவர்களின் பேச்சைக் கவனித்தால் எந்தச் சொல் வேண்டும் என்பது தெரிந்துவிடும். ஆயிரம் துண்டுப் படம் பொதுவாக 70 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரம். கேரம் பலகையின் ஆடுதளம் 74 செ.மீ. சதுரம். அளவெடுத்ததுபோல அடங்கும், சாப்பாட்டு வேளையில் அப்படியே கட்டிலுக்கு அடியில் தள்ளியும் விடலாம். அம்மா ஓரத் துண்டுகளைத் தனியாகப் பொறுக்குகிறார். அக்காவுக்கு வீடுகளும் படகும். வானம் முழுக்க ஒரே நீலம் என்பதால் யாரும் தொடுவதில்லை. கடைசியில் அது பொறுமைசாலியான தாத்தாவின் பங்குக்குப் போகிறது. தம்பி ஒரு துண்டை உள்ளங்கையில் ஒளித்து வைத்திருப்பான், முடிவுத் துண்டைத் தானே வைக்க வேண்டும் என்பதற்காக. இது எல்லா வீட்டுத் தம்பிகளுக்கும் எப்படியோ தெரிந்திருக்கிறது. இவ்வளவு நேரமும் அங்கே ‘விடை’ என்ற சொல் யார் வாயிலும் வராது. திரும்பத் திரும்ப வருவது ஒன்றே ஒன்று: “பொருந்துகிறதா?” “பொருந்தவில்லை.” “திருப்பிப் பொருத்திப் பார்.”

அதனால் நான் முன்வைப்பது ‘பொருத்துபடம்’. நடுவில் ‘ப்’ போடாமல் எழுத வேண்டும். ஊறுகாய், குடிநீர், விடுகதை போல இது வினைத்தொகை. காலம் கரந்த பெயரெச்சம் என்று நன்னூல் சொல்வது இந்த இடத்தில் அழகாக உதவுகிறது. பெட்டிக்குள் இருக்கும்போது பொருத்தும் படம், கேரம் பலகையில் பொருத்துகின்ற படம், சட்டம் போட்டு மாட்டியபின் பொருத்திய படம்; மூன்றுக்கும் ஒரே சொல் போதும். ‘ப்’ சேர்த்துப் ‘பொருத்துப்படம்’ என்று எழுதினாலும் பொருள் கெட்டுவிடாது. பொருத்து என்ற பெயர்ச்சொல்லுக்கு மூட்டு, இணைப்பு என்ற பொருள் இருப்பதால், மூட்டுகளால் ஆன படம் என்று கொள்ளலாம். எனக்கு வினைத்தொகைதான் பிடிக்கிறது.

‘சேர்படம்’ ஆகாதா என்று கேட்கலாம். குழம்பில் உப்பைச் சேர்க்கலாம், பொருத்த முடியாது. சேர்ப்பதற்கு இடம் இருந்தால் போதும். பொருத்துவதற்கு வடிவம் ஒத்துவர வேண்டும். ‘வெட்டுப்படம்’ என்றும் எழுதுகிறார்கள். அது ஆலையின் வேலையைச் சொல்கிறதே தவிர, வீட்டின் வேலையைச் சொல்லவில்லை.

புதிர் என்று பெயரிடுவது, செய்யும் செயலை வைத்துப் பெயரிடுவது என்ற இரண்டு வழியும் பிற மொழிகளில் உண்டு. ஸ்பானியர்கள் ‘தலையுடைப்பான்’ என்ற பொருளில் ‘ரோம்பேகபேசாஸ்’ என்கிறார்கள், குறும்பான பெயர். பிரெஞ்சுக்காரர்களும் ஜெர்மானியர்களும் ஆங்கிலச் சொல்லையே தங்கள் நாக்குக்கு ஏற்ப வளைத்துக்கொண்டார்கள். டச்சுக்காரர்களின் ‘லெக்புசல்’ துண்டுகளை வைக்கும் செயலைச் சொல்கிறது. சீனர்களின் ‘பின்டூ’வில் ‘பின்’ என்றால் ஒன்றோடொன்று சேர்த்துப் பொருத்துதல், ‘டூ’ என்றால் படம். அச்சு அசல் பொருத்துபடம்!

சொல் கிடைத்துவிட்டால் கிளைச்சொற்கள் தாமாக வருகின்றன. ஓரத் துண்டு, மூலைத் துண்டு என்பவை ஏற்கெனவே பேச்சில் இருக்கின்றன. துண்டில் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை முளை என்றும், உள்வாங்கியிருப்பதைக் குழி என்றும் சொல்லலாம். மலிவான பெட்டிகளில் இரண்டு துண்டுகளின் வெட்டு ஒன்றுபோல அமைந்து, தவறான துண்டும் கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும். வானத்தில் இது அடிக்கடி நடக்கும். பத்துப் பொருத்தம் பார்த்த தமிழருக்கு அதை விளக்க வேண்டியதில்லை: பொருந்திவிட்டது, ஆனால் பொருத்தமில்லை.

வீட்டுக்குள் ‘பஸில்’ என்றே சொல்லிக்கொள்ளட்டும், குறையொன்றும் இல்லை. குறுக்கெழுத்து, சுடோகு, கம்பி வளையம் எல்லாவற்றுக்கும் பஸில் என்றே சொல்கிறோம் என்பதால், பாடநூலிலும் கடையின் பெயர்ச்சீட்டிலும் எது என்று பிரித்துக் காட்டவேண்டிய இடத்தில் ‘1000 துண்டுப் பொருத்துபடம்’ என்று எழுதினால் வாங்குபவருக்குக் குழப்பம் இராது.