வயிற்றைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள்: புதிதாக வாங்கிய பெட்டைக்குதிரை சினையா?

"தீனியைக் குறைச்சுட்டோம், பூச்சி மருந்தும் கொடுத்துட்டோம், வயிறு மட்டும் இறங்கலை டாக்டர்." இப்படி ஓர் அழைப்பு வந்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. குதிரையை வாங்கி ஆறேழு மாதம் ஆகியிருக்கும். மடி எப்படி இருக்கிறது என்று கேட்டால், "லேசா வீங்கியிருக்கு, கொசுக்கடின்னு நினைச்சோம்" என்பார்கள். கொசுக்கடியாம்! நிறைமாதக் குதிரையைப் பட்டினி போட்டு, முதுகில் சேணமும் ஏற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பேச்சு இப்போது அடிக்கடி காதில் விழுவதால்தான் இதை எழுதுகிறேன்.

"எங்கிட்ட பொலிகுதிரையே இல்லையே, எப்படி?" என்பது அடுத்த கேள்வி. உங்களிடம் இல்லை, சரி. அது முன்பு இருந்த இடத்தில்? கிராஞ்சி மைதானத்தில் 2024 அக்டோபர் 5 அன்று கடைசிப் பந்தயம் ஓடியதோடு இங்கே சிங்கப்பூரில் குதிரைப் பந்தயம் முடிந்தது. இப்போது சவாரிக்கும் போலோவுக்கும்தான் குதிரைகள் வருகின்றன. போலோக்காரர்கள் பெட்டைகளைத்தான் அதிகம் விரும்புவார்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இனச்சேர்க்கைக் காலம் செப்டம்பரில் தொடங்குகிறது. புல்வெளியில் எல்லாக் குதிரைகளும் ஒன்றாக மேயும்போது, ஒன்றரை வயதுகூட நிரம்பாத ஆண்குட்டி ஒன்று போதும். காயடித்த குதிரைதானே என்று சேர்த்து விட்டிருப்பார்கள், காயடித்து ஆறு வாரமாவது ஆகியிருக்காது. விற்றவர் பொய் சொன்னதாக இருக்க வேண்டியதில்லை, அவருக்கே தெரிந்திருக்காது.

குதிரைக்குச் சினைக்காலம் சராசரி 340 நாள். 320-இலும் ஈனும், 365 தாண்டியும் இழுக்கும். அக்டோபர் நடுவில் சேர்ந்த பெட்டை ஜனவரியில் உங்கள் லாயத்துக்கு வந்து இறங்கினால், அடுத்த செப்டம்பர் இருபது வாக்கில் குட்டி. அந்த எட்டு மாதமும் நீங்கள் ஒன்றும் தெரியாமலே சவாரி செய்துகொண்டிருப்பீர்கள்.

இப்போது என்னை எரிச்சலூட்டும் விஷயத்துக்கு வருகிறேன்: வயிறு. வயிறு பெரிதாக இருந்தால் சினை, ஒட்டியிருந்தால் சினையில்லை என்று லாயத்தில் பத்துப் பேர் பத்து விதமாகச் சத்தியம் செய்வார்கள். இரண்டுமே தப்பு. கருவில் இருக்கும் குட்டி பெருமளவு வளர்வது கடைசி மூன்று மாதத்தில்தான். ஆறு மாதம் வரை வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாது. முதல் சினையென்றால், வயிற்றுத் தசை இறுக்கமாக இருப்பதால் ஒன்பதாம் மாதத்தில்கூடச் சிலது ஒல்லியாகவே நிற்கும். மறுபக்கம், நான்கைந்து குட்டி ஈன்று ஓய்ந்த பெட்டைக்கு வயிறு எப்போதும் தொங்கும். நார் அதிகமுள்ள தரக்குறைவான வைக்கோலைத் தின்றாலும் குடல் நிரம்பி வயிறு பானையாகும், குடற்புழு இருந்தாலும் ஆகும், வேலையில்லாமல் தசை தளர்ந்தாலும் ஆகும். பின்னால் நின்று பார்த்தால் இடம் வலம் ஒரே மாதிரி இல்லை, ஆகவே குட்டி இருக்கிறது என்றும் ஒரு கட்சி. அதெல்லாம் மூச்சுக்கு மூச்சு மாறும். விலாவில் குட்டி உதைப்பது கண்ணுக்குத் தெரிந்தால், ஆம், அது சினைதான். ஆனால் அதற்குள் காலம் கடந்துவிட்டது.

மருந்துக் கடையில் பெண்களுக்கு விற்கும் சோதனைக் குச்சியில் குதிரை மூத்திரத்தை நனைத்துப் பார்த்தோம் என்பவர்களுக்கு: அது தேடுகிற ஹார்மோன் குதிரையிடம் கிடையாது. காசு வீண்.

"பருவத்துக்கு வருதே, அப்ப சினையில்லைதானே?" சில பெட்டைகள் சினையோடும் பருவ அறிகுறி காட்டும். பருவத்துக்கே வராவிட்டாலும் அது சினைக்குச் சான்றல்ல. குணம் சாந்தமாக இருக்கட்டும் என்று விற்பவர் அல்ட்ரினோஜெஸ்ட் என்ற, பருவத்தை அடக்கும் ஹார்மோன் மருந்தைக் கொடுத்திருந்தால் பருவமே தெரியாது. என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். (அந்தத் திரவத்தைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், தோல்வழி உடம்புக்குள் போகும். குதிரையைப் பராமரிக்கும் பெண்களிடம் கட்டாயம் சொல்லுங்கள்.) நம் ஊரில் வருடம் முழுக்கப் பகல் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம் என்பதால், "இது சீசன் இல்லையே" என்ற கணக்கும் இங்கே செல்லாது.

பிறகு எதை நம்புவது? ஸ்கேன். மலக்குடல் வழியே எடுக்கும் ஸ்கேனில், கருமுட்டை வெளியான பதினைந்தாம் நாள் திரையில் சுமார் இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு கருப்பு வட்டம் தெரியும். இருபத்தைந்தாம் நாளை ஒட்டி அதற்குள் இதயம் துடிப்பதைப் பார்க்கலாம். இரட்டை உண்டாகியிருந்தால் பதினாறாம் நாளுக்கு முன் கண்டுபிடித்தால்தான் ஒன்றைச் சுலபமாக நீக்க முடியும். குதிரைக்கு இரட்டை பாக்கியமல்ல, பெரும்பாலும் இரண்டுமே போய்விடும். தேதி தெரியாத சினையில் குட்டியின் கண்குழி அகலத்தை அளந்து மாதத்தைக் கணிக்கலாம். தயவுசெய்து யாரோ ஒரு கைராசிக்காரரை மலக்குடலில் கைவிடச் சொல்லாதீர்கள். குடல் கிழிந்தால் குதிரை பிழைப்பது அரிது.

இரத்தப் பரிசோதனையும் உண்டு, ஆனால் எதை எப்போது என்பது முக்கியம். ஈசிஜி (eCG, இதயத்துக்கு எடுக்கும் ஈசிஜி அல்ல) என்ற சினை ஹார்மோனைச் சுமார் நாற்பதாம் நாள் முதல் நூற்றிருபதாம் நாள் வரைதான் நம்பலாம். அதிலும் ஒரு சிக்கல்: கரு இறந்த பின்னும் சில வாரம் "சினை" என்றே காட்டும். நூற்றிருபது நாளுக்குப் பிறகு ஈஸ்ட்ரோன் சல்பேட் பார்க்க வேண்டும். அது உயர்ந்திருந்தால் குட்டி உயிரோடிருக்கிறது என்று பொருள்.

வாங்குமுன் செய்யும் மருத்துவச் சோதனையில் சினை பார்ப்பது வழக்கமாகச் சேர்த்தியல்ல, நீங்கள்தான் கேட்க வேண்டும். நான்கு காலுக்கும் எக்ஸ்ரே எடுக்க வெள்ளியை வாரி இறைப்பவர்கள், ஐந்து நிமிட ஸ்கேனுக்கு யோசிப்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. வாங்கும்போது பார்க்கவில்லையா? வந்த வாரமே பாருங்கள். அன்று ஒன்றும் தெரியாவிட்டாலும், கடைசியாக ஆண் குதிரை அருகில் இருந்த நாளுக்குப் பதினெட்டு நாள் கழித்து இன்னொரு முறை பார்த்தால்தான் கேள்வி தீரும்.

சந்தேகம் தெளியும்வரை சில மருந்துகள் வேண்டாம். பருவத்தைத் தூண்டப் போடும் ப்ரோஸ்டாகிளாண்டின் ஊசி கருவைக் கலைத்துவிடும். நம் ஈரக் காற்றுக்குப் படர்தாமரை வந்ததென்று கிரைசியோஃபுல்வினைப் பொடி செய்து தீனியில் கலக்காதீர்கள், சினைக்கு ஆகாது. எந்த ஊசி, எந்தப் பொடி என்றாலும் "சினையாக இருக்கலாம்" என்று மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.

சினை உறுதியானால் பதற வேண்டாம். நலமான பெட்டையை ஆறாம் மாதம் வரை லேசாக ஓட்டலாம், பிறகு நிறுத்துங்கள். ஏழாம் மாதம் வரை தீனியைக் கூட்ட வேண்டியதில்லை. கடைசி மூன்று மாதத்தில் நல்ல புரதமும் தாது உப்பும் தேவை. ஹெர்பிஸ் கருச்சிதைவுக்கான தடுப்பூசி ஐந்து, ஏழு, ஒன்பதாம் மாதங்களில். டெட்டனஸ் பூஸ்டர் ஈனுவதற்கு நான்கிலிருந்து ஆறு வாரம் முன்பு. இங்கே நாம் போடும் உலர்புல் கப்பலில் வருவது, ஆகவே அதில் ஃபெஸ்க்யூ புல் இருக்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள். அந்தப் புல்லில் வாழும் பூஞ்சை, கடைசி மாதங்களில் தின்றால், பாலை வற்றச் செய்யும், சினையை நீட்டும், நஞ்சுக்கொடியைத் தடிக்க வைக்கும்.

ஈனுவதற்கு இரண்டிலிருந்து ஆறு வாரம் முன்பு மடி நிறையும். கடைசி ஓரிரு நாளில் காம்பு நுனியில் தேன் நிறத் துளி மெழுகாக உறைந்து நிற்கும். பால் இருக்கிறதா என்று கறந்து பார்க்காதீர்கள்! அது சீம்பால், குட்டியின் உயிர். கணக்குக்கு மிக முன்னதாக மடி பருத்தாலோ பிறப்புறுப்பில் கசிவு தெரிந்தாலோ, நஞ்சுக்கொடியில் தொற்று அல்லது இரட்டை என்று எண்ணி அன்றே மருத்துவரை அழையுங்கள்.

பெரும்பாலும் இரவில்தான் ஈனும். நம் சவாரி லாயங்களின் அறை சிறியது. நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டராவது கிடைக்கும் இடத்தில் மரத்தூளை எடுத்துவிட்டு வைக்கோல் பரப்புங்கள். பனிக்குடம் உடைந்து அரை மணிக்குள் குட்டி வெளியே வர வேண்டும். வெண்மையான சவ்வுக்குப் பதில் சிவந்த வெல்வெட் பை போல ஒன்று முதலில் வந்தால் மருத்துவருக்குக் காத்திருக்காதீர்கள், உடனே கிழித்துக் குட்டியை இழுங்கள், உள்ளே அதற்கு மூச்சு நின்றுகொண்டிருக்கிறது. ஒரு மணி நேரத்தில் குட்டி எழ வேண்டும், இரண்டில் பால் குடிக்க வேண்டும், மூன்றில் கொடி விழ வேண்டும். கொடியை எறியாமல் வாளியில் வையுங்கள், முழுசாக வந்ததா என்று நாங்கள் விரித்துப் பார்ப்போம். துண்டு உள்ளே தங்கினால் குளம்புவரை பாதிக்கும்.

குட்டி செத்துப் பிறந்தால் கையுறை போட்டே தொடுங்கள். குட்டியையும் கொடியையும் ஆய்வுக்கு வைத்து, தாயை மற்றப் பெட்டைகளிடமிருந்து பிரியுங்கள். கர்ப்பிணிகள் அந்தப் பக்கம் வர வேண்டாம்.

எங்களை அழைக்கும்போது கையில் இருக்க வேண்டியவை: விற்றவர் தந்த மருந்துப் பட்டியல், ஆண் குதிரை அருகில் கடைசியாக இருந்த தேதி, இன்றைய உடல் வெப்பம், மடியின் புகைப்படம். வயிற்றின் புகைப்படம் அனுப்ப வேண்டாம்.